எல்லாம் ஜீரோ க்யூவில் குவிந்தால்: ஆர்எஸ்எஸ், ஃபில்டர் ரூல், ஆர்பிஎஸ், எக்ஸ்டிபி ஆகியவற்றில் எதை எடுப்பது?

எட்டு கோர் லினக்ஸ் ரௌட்டரில் டாப் கமாண்டைத் திறந்து 1 என்ற எண்ணைத் தட்டுங்கள். கோர் வாரியாகக் கணக்கு வரும். ஏழு கோர்கள் சும்மா இருக்கின்றன. ஒன்றில் மட்டும் எஸ்ஐ என்கிற சாஃப்ட் இன்டரப்ட் (வந்த பாக்கெட்டுகளைக் கர்னல் கையாளும் வேலை) பங்கு 100ஐத் தொட்டு நிற்கிறது. வாங்கிய பேண்ட்விட்த்தில் பாதிகூட ஓடவில்லை. ஆனாலும் இரவு ஒன்பது மணி ஆனால் வியாசர்பாடியிலிருந்து "அண்ணா, கேம் லேக் ஆவுது" என்று போன் வருகிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எருக்கஞ்சேரி என்று தெருத்தெருவாக ஃபைபர் இழுத்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் எடுத்த சர்வரையே ரௌட்டராக ஓட்டும் கேபிள் ஆபரேட்டருக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

இந்த நிலையில் பெரிய சர்வர் வாங்கினாலும் பலன் இருக்காது. அதிலும் ஒரு கோர்தான் உழைக்கும். நெட்வொர்க் கார்டுக்குள் வரும் பாக்கெட் எந்த ரிசீவ் க்யூவில் (வந்தவை காத்திருக்கும் வரிசை) விழுகிறது, அந்த க்யூவை எந்த கோர் காலி செய்கிறது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு: கார்டே ஹாஷ் போட்டு, அதாவது முகவரிகளிலிருந்து ஓர் எண் கணக்கிட்டுப் பிரிப்பது (ஆர்எஸ்எஸ்), கார்டில் நாமே ஃபில்டர் ரூல் எழுதுவது (என்டியூப்பிள்), கர்னல் பிரிப்பது (ஆர்பிஎஸ்), ட்ரைவர் வாசலிலேயே நம் நிரல் பிரிப்பது (எக்ஸ்டிபி சிபியுமேப்). எதை எடுப்பது என்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வியில் முடிந்துவிடும். பாக்கெட்டுக்குள் இருக்கும் ஐபி முகவரி உங்கள் கார்டின் கண்ணில் படுகிறதா, இல்லையா?

முதலில் அளந்து பாருங்கள்

கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கமாண்டில் பெரிய எழுத்து எஸ் போட்டு, கார்டு போர்ட்டின் கவுன்டர்களைப் பாருங்கள். க்யூ 0, க்யூ 1 என்று தனித்தனியாகப் பாக்கெட் எண்ணிக்கை இருக்கும். பத்து விநாடி விட்டு இரண்டு முறை எடுத்துக் கழித்துப் பாருங்கள். எல்லா க்யூவும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறினால் பிரிப்பில் குறையில்லை. வேறு எங்கோதான் சிக்கல். க்யூ 0 மட்டும் லட்சக்கணக்கில் ஏறி, மற்றவை தூங்கினால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

க்யூக்கள் சமமாக ஏறியும் ஒரே கோர் திணறுகிறது என்றால் ப்ராக் அடியில் உள்ள இன்டரப்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். எட்டு க்யூவின் இன்டரப்ட்டும் ஒரே கோரில் போய் விழுந்துகொண்டிருக்கும். இன்டரப்ட்டுகளைத் தானே கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் சர்வீஸை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இன்டரப்ட் எண்ணுக்கும் உரிய எஸ்எம்பி அஃபினிட்டி லிஸ்ட் ஃபைலில் ஒரு கோர் எண்ணை எழுதினால் போதும். இரண்டு சாக்கெட் சர்வர் என்றால் கார்டு எந்த நூமா நோடில் (ஒரு சாக்கெட்டும் அதன் மெமரியும் சேர்ந்த பகுதி) செருகப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்து கோர்களையே கொடுங்கள். எதிர்ப்பக்கத்து கோரைக் கொடுத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் சாக்கெட் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கும்.

கோர் எடுக்கும்வரை பாக்கெட் காத்திருக்கும் ரிங் பஃபரை 4096க்கு ஏற்றுவதுதான் பலரும் முதலில் செய்வது. இன்டெல் பத்து கிகாபிட் கார்டுகளின் ஐஎக்ஸ்ஜிபிஇ ட்ரைவரில் அது 512ல் தொடங்கும். ஏற்றினால் கண நேரப் பாய்ச்சலைத் தாங்கும், அவ்வளவுதான். கோர் தொடர்ந்து பின்தங்கினால் 4096ம் நிரம்பும். நிரம்பும்வரை பாக்கெட்டுகள் கூடுதல் நேரம் காத்துக் கிடக்கும். டிராப் குறைந்த மாதிரி தெரியும், பிங் ஏறும்.

ஆர்எஸ்எஸ்: பெரும்பாலோர்க்கு இதுவே போதும்

கார்டு பாக்கெட்டின் மூல முகவரி, சேரும் முகவரி, இரண்டு போர்ட் எண்கள் ஆகியவற்றை எடுத்து டோப்லிட்ஸ் ஹாஷ் போடும். அந்த ஹாஷின் கடைசி பிட்டுகள் ஓர் அட்டவணையின் வரிசை எண்ணாகும். அந்த வரிசையில் எழுதியிருக்கும் க்யூவுக்குப் பாக்கெட் போகும். இன்டெலின் 82599 சிப்பில் அந்த அட்டவணைக்கு 128 இடங்கள், எக்ஸ்550ல் 512. ஒரே கனெக்ஷனின் பாக்கெட்டுகள் எப்போதும் ஒரே க்யூவில் விழும் என்பதால் வரிசை குலையாது. கர்னலுக்குச் செலவும் கிடையாது.

செய்ய வேண்டியது சொற்பம். ஈத்டூல் சிறிய எல் போட்டு எத்தனை க்யூ வரை முடியும் என்று பார்த்து, பெரிய எல் போட்டு கம்பைண்ட் எண்ணிக்கையை நிஜ கோர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள். ஹைப்பர்த்ரெட் கோர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறிய எக்ஸ் அட்டவணையைக் காட்டும். பெரிய எக்ஸ், ஈக்வல், 8 என்று கொடுத்தால் சமமாகப் பங்கிடும்.

இங்கே ஒளிந்திருக்கும் குழி யுடிபி. இன்டெலின் ஐஎக்ஸ்ஜிபிஇ ட்ரைவர் யுடிபிக்கு முகவரிகளை மட்டும்தான் ஹாஷில் சேர்க்கும், போர்ட் எண்ணைச் சேர்க்காது. சிஜிநாட் (பல வீடுகள் சில பொது முகவரிகளைப் பகிரும் ஏற்பாடு) போட்ட நெட்வொர்க்கில் இது பெரிதாக அடிக்கும். யூடியூப் வருவது க்விக்கில், அதாவது யுடிபி 443ல். அனுப்புவது சில கேஷ் சர்வர்கள். வாங்கும் பக்கம் உங்களிடம் இருக்கும் ஏழெட்டுப் பொது முகவரிகள். ஆயிரம் வீடு பார்த்தாலும் முகவரி ஜோடிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் இரண்டு மூன்று க்யூக்கள் பிதுங்கி வழியும், மற்றவை காற்று வாங்கும்.

இதற்கு ஈத்டூல் பெரிய என், ஆர்எக்ஸ் ஃப்ளோ ஹாஷ், யுடிபி4 என்று எழுதி, பின்னால் எஸ், டி, எஃப், என் என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். எஸ் மூல முகவரி, டி சேரும் முகவரி, எஃப் மூல போர்ட், என் சேரும் போர்ட். ஐபிவி6 ஓடினால் யுடிபி6க்கும் தனியாகச் செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கொடுத்தவுடன், துண்டான பாக்கெட்டுகள் வரிசை மாறி வரலாம் என்று ட்ரைவர் எச்சரிக்கும். அது வெறும் சம்பிரதாயம் அல்ல. துண்டான யுடிபியில் போர்ட் எண் முதல் துண்டில்தான் இருக்கும் என்பதால் துண்டுகளுக்கு முகவரியை மட்டுமே வைத்து ஹாஷ் போடப்படும். அதே கனெக்ஷனின் முழுப் பாக்கெட்டுகள் வேறு க்யூவுக்குப் போகும். க்விக் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை என்பதால் இணையச் சேவைக்கு இந்த மாற்றம் தாராளமாகச் செய்யலாம். யுடிபி டன்னல்கள் துண்டாகி ஓடும் இடத்தில் மட்டும் யோசியுங்கள்.

பிபிபிஓஇ என்றால் கதை வேறு

இதுவரை சொன்னது எல்லாம் கார்டுக்கு ஐபி தெரியும்போது. சந்தாதாரர் பக்கம் பிபிபிஓஇ (லாகின் செய்து, ஐபியை இன்னொரு தலைப்புக்குள் வைத்து அனுப்பும் முறை) ஓடினால் பாக்கெட்டின் ஈதர்டைப், அதாவது உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் எண், ஹெக்ஸில் 8864. சாதாரண இன்டெல் கார்டுகளுக்கு அதற்கு மேல் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை எல்லாம் அவை க்யூ 0ல் கொட்டிவிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வால்பிடித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ரோடு எத்தனை அகலமாக இருந்தாலும் நுழைவது ஒரு வாசலில்தான்.

யோசித்துப் பாருங்கள், எந்தத் திசை அடிபடுகிறது என்று. டவுன்லோட் பாக்கெட்டுகள் உங்கள் அப்ஸ்ட்ரீம் போர்ட்டில் வெறும் ஐபியாக நுழைகின்றன. ஆர்எஸ்எஸ் அழகாகப் பிரித்துவிடும். சந்தாதாரர் போர்ட்டில் நுழைவது அப்லோட். அளவில் சிறிதுதான். ஆனால் ஒவ்வொரு டவுன்லோடுக்கும் உரிய டிசிபி ஏக் (கிடைத்தது என்ற பதில்) அந்த வழியில்தான் வருகிறது. கேம் பாக்கெட், வீடியோ கால், டிஎன்எஸ் கேள்வி எல்லாம் அந்த வழிதான். க்யூ 0 அவற்றைத் தவறவிட்டால் ஸ்பீட் டெஸ்ட் ஓரளவு நன்றாகவே காட்டும், கேம் மட்டும் தடுமாறும். அதனால்தான் "பேண்ட்விட்த் இருக்கிறதே, பின்னே ஏன்?" என்ற குழப்பம் வருகிறது.

இங்கே ஆர்எஸ்எஸ் அட்டவணையை எப்படித் திருகினாலும் பயனில்லை. இன்டெல் 800 வரிசைக் கார்டுகளுக்குத் தொலைத்தொடர்புக்கான டிடிபி பேக்கேஜ் ஒன்று உண்டு. அதை ஏற்றினால் கார்டு பிபிபிஓஇயைப் புரிந்துகொள்ளும். அந்தக் கார்டு கையில் இல்லாதவர்களுக்குத்தான் மிச்சம் உள்ள வழிகள்.

செலவே இல்லாத வழி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அது மென்பொருள் பட்டியலில் வராது. ஓஎல்டிக்களை (தெரு ஃபைபர்கள் வந்து சேரும் பெட்டிகள்) ஏரியா வாரியாக வேறு வேறு போர்ட்டில் இறக்குங்கள். நான்கு போர்ட் ஐ350 கார்டில் தண்டையார்பேட்டை ஒரு போர்ட், வியாசர்பாடி ஒரு போர்ட், எருக்கஞ்சேரி ஒரு போர்ட் என்று வைத்தால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு க்யூ 0 இருக்கும். அந்த நான்கு ஜீரோ க்யூக்களின் இன்டரப்ட்டையும் நான்கு வெவ்வேறு கோர்களில் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் நான்கும் கோர் 0க்கே போய்ச் சேரக்கூடும். போர்ட் பிரித்த பலன் முழுக்கப் போய்விடும். புதிதாகக் கட்டும் நெட்வொர்க் என்றால் பிபிபிஓஇயை விட்டு டிஹெச்சிபி அடிப்படையிலான ஐபிஓஇக்கு (ஐபியை அப்படியே ஈதர்நெட்டில் அனுப்பும் முறை) மாறுவதையும் யோசியுங்கள். ஐபி வெளியே தெரிந்தாலே ஆர்எஸ்எஸ் மீண்டும் வேலை செய்யும்.

ஆர்பிஎஸ்

2010ல் 2.6.35 கர்னலோடு வந்தது. க்யூ 0ஐக் காலி செய்யும் கோர், பாக்கெட்டின் ஹாஷைக் கணக்கிட்டு வேறொரு கோரின் பேக்லாக் வரிசையில் தள்ளிவிடும். கர்னலின் ஃப்ளோ டிசெக்டருக்கு பிபிபிஓஇ தலைப்பைத் தாண்டி உள்ளே படிக்கத் தெரியும். கார்டுக்கு இல்லாத கண் இதற்கு இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே சின்ன ஆபரேட்டருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

சிஸ் அடியில் அந்தப் போர்ட்டின் க்யூக்கள் ஃபோல்டரில் ஆர்எக்ஸ்-0 என்று ஒன்று இருக்கும். அதற்குள் ஆர்பிஎஸ் சிபியுஸ் என்ற ஃபைலில் ஹெக்ஸ் எண் ஒன்றை எழுத வேண்டும். கோர் 0க்கு மதிப்பு 1, கோர் 1க்கு 2, கோர் 2க்கு 4, கோர் 3க்கு 8. நான்கு கோர் பெட்டியில் கோர் 0 ஏற்கெனவே க்யூ 0ன் இன்டரப்ட்டைச் சுமப்பதால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 14, ஹெக்ஸில் இ. எட்டு கோர் என்றால் எஃப்இ. எல்லாக் கோரையும் சேர்த்து எஃப்எஃப் எழுதுவதுதான் வழக்கமான தவறு. ஏற்கெனவே மூச்சு முட்டும் கோருக்கே எட்டில் ஒரு பங்கு திரும்பப் போகும்.

எழுதியபின் ப்ராக் அடியில் நெட் ஃபோல்டரில் உள்ள சாஃப்ட்நெட் ஸ்டாட்டைப் பாருங்கள். கோருக்கு ஒரு வரி, எண்கள் ஹெக்ஸில். முதல் பத்தி கையாண்ட பாக்கெட், இரண்டாவது பேக்லாக் நிரம்பித் தவறியவை, மூன்றாவது நேரம் போதாமல் பாதியில் நின்ற தடவைகள். இரண்டாவது பத்தி ஏறினால் நெட்டெவ் மேக்ஸ் பேக்லாக்கை அதன் இயல்பான 1000லிருந்து 4000 போல உயர்த்துங்கள்.

குறையும் உண்டு. ட்ரைவரிலிருந்து பாக்கெட்டை எடுப்பது, அதற்கு எஸ்கேபி (கர்னல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வைக்கும் மெமரிப் பதிவு) ஒதுக்குவது, ஹாஷ் கணக்கிடுவது எல்லாமே இன்னும் அந்த ஒரே கோர்தான் செய்கிறது. பிபிபிஓஇயை அவிழ்ப்பது, நாட், ஃபயர்வால், ரௌட்டிங் ஆகிய கனமான வேலைகள்தான் பிறருக்குப் போகின்றன. ஒரு கிகாபிட் போர்ட்டுக்கு இது தாராளம். பத்து கிகாபிட் போர்ட்டில் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் பொழிந்தால் முதல் கோர் மறுபடியும் முட்டும்.

இதன் பெயரையே ஒத்த ஆர்எஃப்எஸ்ஸையும் சேர்த்துப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. ரௌட்டரில் அதனால் பயனில்லை. பாக்கெட்டை வாங்கும் நிரல் எந்தக் கோரில் ஓடுகிறது என்று பார்த்து அங்கே அனுப்புவது அதன் வேலை; ரௌட்டரில் வந்த பாக்கெட் அப்படியே வெளியே போகிறது, வாங்கும் நிரலே கிடையாது. வெப் சர்வருக்கு வையுங்கள், ரௌட்டருக்கு வேண்டாம்.

என்டியூப்பிள் ரூல்: சிலரை மட்டும் தனி வரிசையில் விட

இந்த மாதிரிப் பாக்கெட் வந்தால் இந்த க்யூ என்று கார்டுக்கே எழுதிக் கொடுப்பது. கேட்கச் சர்வரோக நிவாரணி மாதிரி இருக்கும். ஆயிரம் சந்தாதாரரை ரூல் எழுதிப் பிரிக்கலாம் என்று இறங்காதீர்கள். அது ஹாஷின் வேலை. முக்கியமான ஓரிரு ஓட்டங்களைக் கூட்டத்திலிருந்து காப்பாற்ற மட்டும் ரூல் நல்லது. அப்ஸ்ட்ரீமோடு ரௌட்டிங் தகவல் பேசும் பிஜிபி செஷன், நீங்கள் உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச், பாக்கெட்டை நேரே வாங்கும் ஏஎஃப் எக்ஸ்டிபி நிரல் ஒன்றுக்குத் தனியாக ஒதுக்கிய க்யூ போன்றவை.

எட்டு க்யூவில் பிஜிபிக்கு ஒன்றை ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். பெரிய எக்ஸ், ஈக்வல், 7 என்று கொடுத்தால் ஹாஷ் பங்கீடு க்யூ 0 முதல் 6 வரை நின்றுவிடும். க்யூ 7 காலி. க்யூ 0ஐ ஒதுக்காதீர்கள், ஏஆர்பி போன்ற ஐபி அல்லாதவை அங்கேதான் வரும். அடுத்து பெரிய கே போட்டு என்டியூப்பிளை ஆன் செய்யுங்கள். பிறகு பெரிய என் போட்டு, ஃப்ளோ டைப் டிசிபி4, ஆக்ஷன் 7 என்று ரூல்.

எதை வைத்துப் பொருத்துவது? பிஜிபியின் போர்ட் எண் 179 என்று உடனே தோன்றும். செஷனை யார் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்கு வரும் பாக்கெட்டில் 179 மூல போர்ட்டாகவும் இருக்கலாம், சேரும் போர்ட்டாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு ரூல். 82599ல் இரண்டாவது ரூல் ஏறாது! கார்டின் ஒரு போர்ட்டுக்கு ஒரே மாஸ்க்தான் (எந்தப் பகுதியைப் பார்ப்பது என்ற குறிப்பு) என்று கர்னல் பதிவான டிமெசேஜில் பிழை வரும். முதல் ரூல் சேரும் போர்ட்டை மட்டும் பார்க்கச் சொன்னது, இரண்டாவது மூல போர்ட்டை. இரண்டும் வேறு மாஸ்க், அந்தச் சிப் ஒத்துக்கொள்ளாது. வழி எளிது: போர்ட்டை விட்டுவிட்டு எதிர்முனை ரௌட்டரின் ஐபியை மூல முகவரியாகக் கொடுங்கள். ஒரே ரூலில் இரண்டு நிலையும் அடங்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கும் அதேபோல் நீங்கள் நுழையும் கணினியின் மூல முகவரியையே கொடுத்தால் மாஸ்க் ஒத்துப்போகும். இன்டெல் 700 வரிசையின் ஐ40இ ட்ரைவரில் கட்டுப்பாடு ஃப்ளோ வகை வாரியாக வரும். மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ் கார்டுகள் இந்த விஷயத்தில் இன்னும் தாராளம்.

அடுத்த குழி மாஸ்க்கின் திசை. ஈத்டூலில் மாஸ்க் தலைகீழ். 1 என்று இருக்கும் பிட் "பார்க்காதே" என்று அர்த்தம். ஒரு /24 நெட்வொர்க்கைப் பொருத்த 255.255.255.0 என்று பழக்கத்தில் எழுதினால் முதல் மூன்று எண்களை விட்டுவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் பொருத்தும். எழுத வேண்டியது 0.0.0.255. சிறிய என் போட்டுப் பட்டியலைப் பார்க்கும்போதும் மாஸ்க் 0.0.0.0 என்றால் முழுப் பொருத்தம் என்று படியுங்கள். ஆக்ஷன் மைனஸ் 1 என்பது பாக்கெட்டைத் தூக்கியெறிவது. அந்த ரூலில் மாஸ்க்கைத் தலைகீழாக எழுதிவிட்டால் சம்பந்தமே இல்லாத முகவரிகள் காணாமல் போகும். கார்டிலேயே விழுந்துவிடுவதால் டிசிபிடம்ப்பிலும் தடயம் இருக்காது.

ரூல்கள் ரீபூட்டில் நிற்காது. சிஸ்டம்டி யூனிட் ஒன்றில் எழுதி வையுங்கள், வரிசை முக்கியம். முதலில் க்யூ எண்ணிக்கை, பிறகு ஹாஷ் அட்டவணை, கடைசியில் ரூல். பின்னால் க்யூ எண்ணிக்கையைக் குறைக்கப் போனால், அட்டவணையில் பெரிய எண் இருக்கிறது என்று கர்னல் மறுக்கும். அட்டவணையை முதலில் சுருக்குங்கள். மதர்போர்டிலேயே வரும் ரியல்டெக் கிகாபிட் போர்ட்டில் இதையெல்லாம் முயல வேண்டாம். கர்னலோடு வரும் ஆர்8169 ட்ரைவர் அதற்கு ஒரே க்யூதான் தருகிறது.

லினக்ஸின் ட்ராஃபிக் கன்ட்ரோல் கருவியான டிசியின் ஃப்ளவர் வழியாகவும் கார்டுக்கு ரூல் இறக்கலாம். ஏற்கெனவே டிசியில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ட்ராஃபிக் கிளாஸ் வாரியாக க்யூக்களைப் பிரிப்பவர்களுக்கும் அது பொருந்தும். ஸ்கிப் எஸ்டபிள்யூ சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் கார்டு ஏற்காத ரூலும் மென்பொருளில் சத்தமின்றி உட்கார்ந்துவிடும், வேலை நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எக்ஸ்டிபி சிபியுமேப்

4.15 கர்னலில் வந்தது. ஆர்பிஎஸ் செய்வதையே இன்னும் முன்னால், எஸ்கேபி ஒதுக்குவதற்கும் முன்பே செய்கிறது. முதல் கோர் தலைப்பைப் படித்துத் தள்ளிவிடுவதோடு சரி. எஸ்கேபி உட்பட மிச்சம் எல்லாம் அடுத்த கோரின் பொறுப்பு. பத்து கிகாபிட்டில் இந்த வித்தியாசம்தான் காப்பாற்றும்.

பிபிபிஓஇக்குள் ஐபி தொடங்கும் இடத்தை நிரலே எண்ணிக்கொள்ள வேண்டும்: ஈதர்நெட் 14 பைட், பிபிபிஓஇ 6, பிபிபி புரோட்டோகால் எண் 2, ஆக 22. ஒரு விலேன் டேக் இருந்தால் 26. பிபிபி எண் ஹெக்ஸில் 0021 என்றால் ஐபிவி4, 0057 என்றால் ஐபிவி6. கார்டு விலேன் டேக்கைத் தானே கழற்றும்படி விட்டிருந்தால் நிரல் அதைப் பார்க்கவே பார்க்காது. விலேன் வைத்து ஏரியா பிரிப்பவர்கள் அந்த ஆஃப்லோடை அணைக்க வேண்டும்.

இதன் பெரிய லாபம் ஷேப்பிங்கில் இருக்கிறது. கார்டின் ஹாஷ் ஒரே வீட்டின் ஓட்டங்களை ஆளுக்கொரு கோராகச் சிதறடிக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு 100 எம்பி பிளான் என்று வரம்பு போட அவை ஓரிடத்தில் சேர வேண்டும். எல்லாக் கோர்களும் வேக வரம்பு போடும் ஹெச்டிபியின் ஒரே பூட்டுக்காக மோதிக்கொள்ளும். சந்தாதாரர் ஐபியை வைத்துக் கோரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வீடு ஒரே கோரில் இருக்கும், கோருக்கு ஒரு ஹெச்டிபி மரம் போதும், மோதல் இல்லை. சின்ன ஐஎஸ்பிக்களுக்காக எழுதப்பட்ட லிப்ரேக்யூஓஎஸ் இந்த உத்தியில்தான் நிற்கிறது. சொந்தமாக நிரல் எழுதும் முன் அதைப் பாருங்கள். ட்ரைவருக்கு நேட்டிவ் எக்ஸ்டிபி ஆதரவு இருப்பது அவசியம். ஜெனரிக் மோடில் எஸ்கேபி ஒதுக்கியபின்தான் நிரலே ஓடும், உழைப்பு வீண்.

மணலி, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுகளில் மிரர் போர்ட்டில் (ட்ராஃபிக்கின் நகல் வரும் போர்ட்) சூரிகாட்டா என்ற ஊடுருவல் கண்டறியும் நிரல் வைத்துக் கண்காணிப்பவர்களுக்குத் தேவை வேறு: போகும் பாக்கெட்டும் திரும்பும் பாக்கெட்டும் ஒரே க்யூவில் விழ வேண்டும். அதற்கு ரூலும் வேண்டாம், எக்ஸ்டிபியும் வேண்டாம். ஹாஷ் கணக்கில் பயன்படும் ஆர்எஸ்எஸ் சாவியை 6டி:5ஏ என்ற இரண்டு பைட்டின் திரும்பத் திரும்ப வரும் தொடராக மாற்றினால் மூலமும் சேருமிடமும் இடம் மாறினாலும் ஹாஷ் மாறாது. 82599க்குச் சாவி 40 பைட், ஆகவே 20 முறை. இன்டெல் 700 வரிசைக்கு 52 பைட், 26 முறை. சிறிய எக்ஸ் காட்டும் சாவியின் நீளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், நீளம் தப்பினால் ஏற்காது.

எப்போது கை வைப்பது என்பதும் இந்த முடிவின் ஒரு பகுதிதான். ஆர்பிஎஸ் எண்ணை இரவு ஒன்பது மணிக் கூட்டத்திலேயே மாற்றிப் பார்க்கலாம். 0 எழுதினால் அடுத்த நொடி பழைய நிலை. ஹாஷ் அட்டவணையையும் ஓடும்போதே மாற்றலாம், சில பாக்கெட் மட்டும் வரிசை மாறும். க்யூ எண்ணிக்கை மாற்றுவதும் எக்ஸ்டிபி நிரலை முதன்முதல் ஏற்றுவதும் பல ட்ரைவர்களில் போர்ட்டை ரீசெட் செய்யும். லிங்க் விழுந்து எழ சில விநாடிகள் ஆகலாம், பிபிபிஓஇ செஷன்கள் அறுந்தால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் மறுபடி லாகின் கேட்டு, அதைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரை மொய்க்கும். அவற்றை விடியற்காலை நான்கு மணிக்கு வையுங்கள், ரீபூட் ஆனால் பழையபடி எழும்படி யூனிட் ஃபைலைத் தொடாமல்.